ஒரு நாள் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை

கொழும்பு
2024 நவம்பர் 4

தலைவி,
மாதர் சங்கம்,
கித்துல்தெனிய தோட்டம், மேல் பிரிவு,
எஹலியகொட.

அன்புடையீர்,

எங்கள் பாதணி நிறுவனம் தனது சமூகப் பொறுப்புப் பணியின் ஓர் அங்கமாக, ஆண்டுக்கு ஒரு நாள் ஊழியர்களைத் தொண்டுப் பணிக்கு அனுப்பி வருகிறது. எங்கள் செருப்புகளுக்கான ரப்பர் உங்கள் தோட்டத்திலிருந்தும் வருவதால், இம்முறை உங்கள் பிரிவைத் தெரிவு செய்திருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியோடு அறியத் தருகிறோம்.

வரும் பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊழியர்கள் நாற்பது பேர் வந்து லய வீட்டு வரிசைகளின் முன்சுவருக்கு வர்ணம் பூசுவார்கள், மரக்கன்றுகள் நடுவார்கள், பிள்ளைகளுக்குப் புத்தகப் பைகள் வழங்குவார்கள். அன்று காலை உங்கள் சங்கத்துப் பெண்கள் அனைவரும் ஒரே நிறத்தில் சேலை உடுத்தி வரவேற்பில் கலந்துகொண்டால் நன்றாக இருக்கும். சங்கத்தின் சம்மதத்தைத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
நப்லா முஹ்ஸின்
சமூகப் பணி அலுவலர்

பி.கு.: கடிதத்தைத் தமிழில் எழுதியது நான்தான். பலாங்கொடைக்காரி. பிழை இருந்தால் என் தலையில் போடுங்கள், கம்பனியின் தலையில் வேண்டாம்.


மேல் பிரிவு, கித்துல்தெனிய
2024 நவம்பர் 17

அன்புள்ள மிஸ்,

வணக்கம். நான்தான் சங்கத் தலைவி ஜெயம்மா. பால் வெட்டுகிறவள். ரப்பர் பால். போன் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். இங்கே கோயில் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் வரும். ஏறினாலும் போன் என் வீட்டுக்காரர் இருளப்பன் கையில்தான் இருக்கும். அதோடு, கடிதம் என்றால் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டலாம். போனில் பேசினேன் என்றால் நான் சொல்வதை ஒருத்தியும் நம்பமாட்டாள்.

வாசித்தேன். வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு விசயம். போன வருடம் ஒரு கூட்டம் வந்து எங்கள் லயத்துக்கு நீலம் அடித்தது. அதற்கு முந்தின வருடம் வேறொரு கூட்டம் வந்து ரோஸ் அடித்தது. மழை பெய்தால் இரண்டும் சேர்ந்து உரிகிறது. ஆடு சுவரில் உரசினால் ஆடும் நீலம். மரம் நடுவதும் அப்படித்தான். நீங்கள் குழி தோண்டக்கூட வேண்டியதில்லை, பழைய குழி அப்படியே இருக்கிறது. கன்றைத்தான் அந்த ஆடு தின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து மரங்களுக்கு நடுவில் நிற்கிறவர்களுக்கு இன்னும் மரம் எதற்கு மிஸ்?

இதை நான் கூட்டத்தில் சொன்னதும், "அப்ப என்னதான் வேணும்னு எழுதுங்கக்கா" என்றாள் ஷாமிளா. என்ன வேண்டும் என்று அதுவரை எங்களை யாரும் கேட்டதில்லை. பின்வரிசையிலிருந்து ஜீவராணி பேசினாள். அவள் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"நான் கடல் பாக்கணும்க்கா."

சிரித்தோம். அப்புறம் விசாரித்தால், எங்களில் கடலைப் பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எஹலியகொடையிலிருந்து கொழும்பு ஒன்றும் வெளிநாடு இல்லை. பஸ்ஸுக்குச் சீட்டுக் காசு சேர்த்து வைத்திருக்கிறோம். தூரம் எங்களைத் தடுக்கவில்லை, வீடுதான் தடுக்கிறது. பிள்ளைக்கு யார் சோறு போடுவது, மாட்டுக்கு யார் புல் அறுப்பது, படுத்திருக்கிறவர்களை யார் பார்ப்பது?

அதனால் கேட்கிறோம். உங்கள் ஆட்கள் பெயின்ட் வாளியைக் கொழும்பிலேயே வைத்துவிட்டு வரட்டும். ஒரு நாள் எங்கள் வீடுகளைப் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் கடலைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

ஒரே நிறத்தில் சேலை எங்களிடம் இல்லை.

இப்படிக்கு,
ஜெயம்மா


கொழும்பு
2024 டிசம்பர் 2

மதிப்புக்குரிய ஜெயம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். நீல ஆட்டுக்கு வந்தபோது தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அலுவலகத்தில் தமிழ் தெரிந்த இன்னொருவர் இருந்திருந்தால் உடனே காட்டியிருப்பேன்.

கடிதத்தை இயக்குநர் மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் நல்லவர். ஆனால், சமூகப் பணியின் பயன் நிலைத்து நிற்க வேண்டும், ஒரு நாள் சுற்றுலா அதில் சேராது என்கிறார். எங்கள் ஊழியர்கள் உங்கள் அடுப்படியில் நிற்கும் படத்தை ஆண்டறிக்கையில் எப்படிப் போடுவது என்றும் கேட்டார். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை என்று உங்களுக்கு எத்தனையோ தேவைகள் இருக்கும். கடல் பார்ப்பது ஓர் ஆசை. தேவை என்று அதைச் சொல்ல முடியாது, இல்லையா?

இப்படிச் செய்யலாமா? சங்கத்துப் பெண்களுக்கு எஹலியகொட நகரில் ஒரு மண்டபம் எடுத்து, அரை நாள் தலைமைத்துவப் பயிற்சி நடத்துகிறோம். மதியச் சாப்பாடும் சான்றிதழும் உண்டு.

யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நப்லா முஹ்ஸின்


மேல் பிரிவு
2024 டிசம்பர் 15

மிஸ் நப்லாவுக்கு,

கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். "ஆசை, தேவை இல்லை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். ஜீவராணி எழுந்து போய்விட்டாள்.

கூரையும் குழாயும் வேண்டும்தான். அதற்குத் தோட்ட நிர்வாகத்தோடு நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது எங்களுக்கு வர வேண்டியது, யாரிடமும் அன்பளிப்பாகக் கேட்க மாட்டோம். உங்களிடம் கேட்டது வேறு. காசு கேட்கவில்லை, பஸ் கேட்கவில்லை. கை கேட்டோம். ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய கை.

எங்களுக்கு எது தேவை என்பதை நீங்களே முடிவு செய்வதானால், சம்மதம் கேட்டு ஏன் எழுதினீர்கள்?

தலைமைத்துவப் பயிற்சி என்கிறீர்கள். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறி மரத்தில் பால் வெட்டி, வாளியோடு இறங்கி வந்து, பொழுதுபட்டால் வீட்டிலிருக்கிற எல்லோரையும் மேய்க்கிறோம். பயிற்சியை வேண்டுமானால் நாங்கள் உங்களுக்குக் கொடுக்கிறோம். சான்றிதழ் அடிக்கத்தான் மெஷின் இல்லை.

வருவதென்றால் வாருங்கள், தடுக்க மாட்டோம். பெயின்ட் மட்டும் இந்த முறை பச்சையாக இருக்கட்டும். ஆட்டுக்கு அது இன்னும் அடிக்கவில்லை.

ஜெயம்மா


கொழும்பு
2025 ஜனவரி 6

அன்புள்ள ஜெயம்மா அக்கா,

பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். இதில் பேசவில்லை. நான் எழுதியது தவறு. ஜீவராணியிடம் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் சிங்களத்தில் மொழிபெயர்த்து, மாதாந்த ஊழியர் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எழுந்து நின்று வாசித்தேன். நீல ஆட்டுக்குச் சிரித்தார்கள். "கை கேட்டோம்" என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் எழுந்தவர் கணக்குப் பிரிவுத் தலைவர் திலகரத்ன சேர். பற்றுச்சீட்டில் ஒரு கையெழுத்து கோணலாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிற மனிதர்.

"இதுக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டார்.

"செலவே இல்லை, சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நான் வர்றேன். எனக்குத் தேங்காய் துருவத் தெரியும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. இயக்குநர் மேடம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் அப்போதுதான் பார்த்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். "பதாகை?" என்றார். வேண்டாம் என்றேன். "படம்?" யாருடைய கை சும்மா இருக்கிறதோ அவர் எடுக்கட்டும் என்றேன். கதவை விட்டு உள்ளே வந்து சொன்னார், "எனக்குக் கைக்குழந்தை தூக்கத் தெரியும். என் பேரையும் எழுது."

பெப்ரவரி 16, ஞாயிறு. எந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இனி மிஸ் வேண்டாம். என் உம்மா கேட்டால் சிரிப்பார்.

அன்புடன்,
நப்லா


மேல் பிரிவு
2025 ஜனவரி 19

அன்புள்ள தங்கச்சி நப்லா,

வாசித்து முடித்ததும் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். யார் என்று கேட்டால் ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜீவராணிமேல்தான் எனக்குச் சந்தேகம்.

தோட்டத்தை நடத்துகிற தொரை சம்மதித்துவிட்டார். பெப்ரவரியில் ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், பால் குறைவு, அவருக்கு நட்டமில்லை. எங்கள் ஆண்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"ஆபீஸ்காரன் கை வச்சா என் மாடு ஒதைக்கும்" என்றார் இருளப்பன்.

"நீங்க பக்கத்துலதான இருப்பீங்க, புடிச்சுக்கங்க" என்றேன்.

"அப்ப நானும் கடலுக்கு வர்றேன்."

"பஸ்ஸுல எடமில்ல."

ஆண்கள் எதற்கு இருக்கிறார்கள், அவர்கள் வீட்டைப் பார்க்க மாட்டார்களா என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்களிடம் மட்டும் விட்டுவிட்டுப் போனால், சீனி எங்கே என்று கேட்கக் கடற்கரை வரைக்கும் போன் வரும். உங்கள் ஆட்கள் வேலை செய்யும்போது அவர்கள் எத்தனை நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று பார்க்கலாம். இதுதான் எங்கள் உள்நோக்கம். இந்தக் கடிதத்தை மட்டும் யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள்.

ஷாமிளாவின் கைக்குழந்தை தோளில் போட்டால்தான் தூங்கும். ஜீவராணியின் பையன்கள் குளித்துவிட்டோம் என்று சொல்லுவார்கள், நம்பக் கூடாது. மற்றதை நேரில் சொல்கிறேன். நான் போகவில்லை.

என் மாமனார் ஐயாவு பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். போன வைகாசியிலிருந்து பேச்சும் இல்லை. என் கையால் கொடுத்தால்தான் கஞ்சி இறங்கும். பெற்ற மகன் கொடுத்தாலே வாயை இறுக்கிக்கொள்வார். பரவாயில்லை. உங்கள் ஆட்களுக்கு வீடு வாசல் காட்ட ஒருத்தி நிற்கத்தானே வேண்டும். கடல் எப்படி இருந்தது என்று ஜீவராணி வந்து சொல்லுவாள்.

அன்புடன்,
ஜெயம்மா


கொழும்பு
2025 ஜனவரி 28

அக்கா,

நீங்கள் போகாவிட்டால் நாங்கள் வரமாட்டோம். இது கம்பனியின் முடிவு அல்ல, என் முடிவு.

ஐயாவு மாமாவுக்கு நான் கஞ்சி கொடுக்கிறேன். வாயைத் திறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் வாப்பா பலாங்கொடையில் புடவைக்கடை வைத்திருக்கிறார். கடையிலுள்ள அத்தனை சேலையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வர்றோம் என்று எழுந்து போகிறவர்களுக்குச் சிரித்த முகத்தோடு தேநீர் கொடுத்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. எனக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

மற்றவர்களையெல்லாம் வீட்டை எங்களிடம் நம்பி விட்டுவிட்டுப் போகச் சொன்னது நீங்கள். உங்கள் வீட்டை மட்டும் தர மாட்டீர்களா?

ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்கள்.

நப்லா


மேல் பிரிவு
2025 பெப்ரவரி 4

தங்கச்சி,

போகிறேன். ஆனால் பஸ் ஏறும்வரை நம்ப வேண்டாம்.

ஜெயம்மா


2025 பெப்ரவரி 16, விடிகாலை
(கஞ்சிச் சட்டியின் மூடிமேல் வைத்தது)

தங்கச்சி,

பஸ் ஹோர்ன் அடிக்கிறது. கஞ்சி இருக்கிறது, லேசாகச் சூடாக்கினால் போதும். மாமாவை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துச் சின்னக் கரண்டியால் கொடுங்கள். அவசரப்படுத்தக் கூடாது. வாயை இறுக்கினால் கோபம் என்று நினைக்காதீர்கள். பெரிய ஆளாக நடமாடிய மனிதர், ஊட்டிவிடுவது அவருக்கு வெட்கம். இதை எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது.

செருப்பைப் போட்டேன், கழற்றினேன், மறுபடியும் போட்டேன். ஷாமிளா கையைப் பிடித்து இழுக்கிறாள்.

ஜெ.


கொழும்பு
2025 பெப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள். ஒரு சட்டி மட்டும் கரிந்து ஓட்டையாகிவிட்டது. அது உங்களுடையது.

மலைப்பாதை வளைவில் எதிரே வந்த பஸ் உங்களுடையதுதானே? எங்கள் சாரதி ஒதுங்கி வழிவிட்டார். ஜன்னலெல்லாம் கைகள். அதில் எந்தக் கை உங்களுடையது என்று தேடுவதற்குள் பஸ் போய்விட்டது.

நாங்கள் இறங்கியபோது உங்கள் ஆண்கள் மடிப்புக் கலையாத சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு, கூத்துப் பார்க்கிறவர்களைப் போல வரிசையாக நின்றார்கள். கூத்தும் நடந்தது. விற்பனைப் பிரிவில் இருந்து புல் அறுக்கப் போனவர்கள் யாரோ ஆசையாய் வளர்த்த கறிவேப்பிலைக் கன்றையும் சேர்த்து அறுத்துக்கொண்டு வந்தார்கள். மாடு அதை மோந்து பார்த்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது. ஜீவராணியின் பையன்கள் குளித்துவிட்டோம் என்றார்கள். நான் நம்பவில்லை, துரத்திப் பிடித்தேன், நானும் நனைந்தேன். இயக்குநர் மேடம் ஷாமிளாவின் குழந்தையைத் தோளில் போட்டவர் கடைசிவரை இறக்கவில்லை. யாராவது வாங்க வந்தால், "ஷ், தூங்குது" என்று அதட்டினார்.

இருளப்பன் அண்ணனின் மாடு உதைத்தது. எங்கள் ஆட்களை அல்ல, அவரை. "நேத்து வரைக்கும் இத ஜெயம்மாதான் கறந்திச்சு" என்று தரையில் உட்கார்ந்தபடியே ஒப்புக்கொண்டார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதோடு கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. உங்கள் உள்நோக்கம் பலித்துவிட்டது அக்கா. கொஞ்ச நேரத்தில் யார் லயத்து ஆள், யார் ஆபீஸ் ஆள் என்று தெரியாமல் எல்லோர் முகத்திலும் ரொட்டி மா.

இனி, ஐயாவு மாமா. கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் எழுதியபடியே வாயை இறுக்கிக்கொண்டார். பேசிப் பார்த்தேன், கடைக் கதை சொன்னேன், சும்மாவும் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என் பொறுமையைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அப்போது தேங்காய்த் துருவலோடு திலகரத்ன சேர் வந்தார். என்ன விசயம் என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு கோப்பையில் கொஞ்சம் கஞ்சி ஊற்றிக்கொண்டு கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, தானே குடிக்க ஆரம்பித்தார். "நல்ல கஞ்சி" என்றார் சிங்களத்தில். "உங்களுக்கு வேண்டாமென்றால் நானே முடித்துவிடுகிறேன்." கோப்பை காலியானது. சட்டிப் பக்கம் கையை நீட்டினார்.

"ஏக மகே!"

கட்டிலிலிருந்துதான். அது என்னுடையது என்று. வாய் கோணித்தான் வந்தது, ஆனால் அந்தக் காம்பராவில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

இருளப்பன் அண்ணன் மாக் கையோடு வாசலில் நின்றார். "அப்பாவா பேசுனாரு?" என்று என்னைக் கேட்டார். பிறகு ஓடிவந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கச் சொல்லுங்கப்பா" என்றார். மாமா அவரைப் பார்த்து வாயைத் திறந்தார். பேச அல்ல, கஞ்சிக்கு. நான் கரண்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். திலகரத்ன சேர் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருட்டுமுன் மலையை விட்டு இறங்க வேண்டும் என்று சாரதி சொல்லிவிட்டதால் உங்களைப் பார்க்க முடியாமல் போய்விட்டது. கடலைப் பற்றி எழுதுங்கள். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

நப்லா


மேல் பிரிவு
2025 பெப்ரவரி 19

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் மாமா பேசிய கதையைக் கேட்டுவிட்டேன். இருளப்பன் நடித்தே காட்டிவிட்டார். அவர் சொல்வதைக் கேட்டால் எல்லாம் அவரே செய்ததுபோல இருக்கிறது.

முதலில் எங்களுக்குக் கடலின் சத்தம்தான் வந்தது. கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏதோ தொழிற்சாலை மெஷின் ஓடுகிறது என்று நினைத்தேன். ரயில் பாதையைத் தாண்டினோம், நிலம் முடிந்துவிட்டது. எங்களுக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் எதிரே ஒரு மலை நிற்க வேண்டும். அங்கே எதிரே ஒன்றுமே இல்லை. யாரோ எல்லாச் சாமானையும் எடுத்து ஒதுக்கிவிட்டுக் கூட்டிப் பெருக்கினதுபோல இருந்தது.

ஜீவராணி பஸ்ஸிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்கக்கா, எனக்கு நெஞ்சு அடிக்குது."

"கேட்டதே நீதானடி, எறங்கு" என்று இழுத்தோம்.

இறங்கியவள் நேரே தண்ணீருக்குள் நடந்தாள். சேலை நனைவதைப் பார்க்கவில்லை. முட்டளவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் தங்கச்சி, திட்ட ஆரம்பித்தாள்! கங்காணியை, மாமியாரை, அரிசி விலையை, காலில் ஏறுகிற அட்டையை, மழையை, பெயர் சொல்ல முடியாத இன்னும் பலரை. வாயே திறக்காத பிள்ளை! அலைச் சத்தத்தில் ஒருவர் சொல்வது பக்கத்தில் நிற்கிறவளுக்கே கேட்காது என்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். நாங்களும் வரிசையாகக் கைகோத்து நின்று கத்தினோம். கரையில் நின்ற வெள்ளைக்காரர்கள் ஏதோ பூசை என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். நான் என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். நீங்கள் கடிதங்களை மேடையேற்றுகிற ஆள்.

ஷாமிளா தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு, "மெய்யாவே உப்புதான்க்கா" என்று எல்லோருக்கும் சாட்சி சொன்னாள். நுரையைக் கையில் அள்ளினேன். நம் ரப்பர் பால் என்றால் ஆசிட் ஊற்றியதும் உறைந்து தாளாகிவிடும். இது நிற்கவே இல்லை, விரலிடுக்கில் சிரித்துக்கொண்டு ஓடியது.

மதியம் சாப்பாட்டுப் பார்சல் பிரித்தோம். நான் சாப்பிட்டேன். அவ்வளவுதான். யார் சாப்பிட்டார்கள், யாருக்குக் கறி பத்தவில்லை என்று பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சோறு சாப்பிட்டதில்லை. பிறகு மணலில் சாய்ந்தவள் தூங்கிவிட்டேன். பட்டப்பகலில்! திடுக்கிட்டு எழுந்து, "ஐயோ, நேரமாச்சா?" என்று பதறினேன்.

"கடல் எங்கயும் போகலக்கா, படுங்க" என்றாள் ஜீவராணி.

படுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமா விழித்திருந்தார். பக்கத்தில் போனேன். என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். "உப்பு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

அன்புடன்,
ஜெயம்மா


கொழும்பு
2025 பெப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மேடையேற்றவில்லை. ஆனால் திலகரத்ன சேர் தனியாக வந்து கேட்டார், அவருக்கு மட்டும் வாசித்துச் சொன்னேன். "உப்பு" என்ற இடத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

படங்களைப் பார்த்தோம். யாருடைய கையும் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. இருப்பது ஒன்றே ஒன்று. அதில் மாட்டின் பின்பக்கமும் யாரோ ஒருவருடைய கட்டை விரலும் இருக்கின்றன. ஆண்டறிக்கையில் அதையே போடலாம் என்கிறார் மேடம்.

இன்னொரு செய்தி. வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "நாங்கள் யானை பார்க்கப் போக வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவீர்களா?" அவர்களுக்கு விசயம் எப்படித் தெரிந்தது? நீங்கள்தானே? இப்போதே அறுபது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

நோன்பு தொடங்குமுன் ஒரு நாள் நான் அங்கே வரலாமா? கம்பனியோடு அல்ல. சும்மா. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

நப்லா


மேல் பிரிவு
2025 பெப்ரவரி 25

அன்புள்ள நப்லா,

வாருங்கள். இதற்குப் போய் அனுமதியா?

யானை விசயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. வரக்காப்பொலையில் என் சித்தி மகள் இருப்பது உண்மைதான்.

சந்தியில் நிற்பேன். நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று சங்கத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்ததே இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எங்கள் வீட்டில் உங்களைப் பார்த்துப் பேசிய ஆள் இருளப்பன்தான். கேட்டால், "ஒல்லியா இருக்கும், பேச்சு நெறைய" என்கிறார். அது போதும், கண்டுபிடித்துவிடுவேன்.

கோழிக்கறிதான். டவுன் கோழிக்கடை சாலி நானா உங்கள் முறைப்படி அறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சட்டியும் புதியது. மாமா இப்போது சில வார்த்தை பேசுகிறார். பேசுவது பாதி சிங்களம், பாதி தமிழ், முழுவதும் அதிகாரம். உங்கள் கணக்கு சேரை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். முடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடமாட்டேன். மடியில் கையை வைத்துக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் நானும் அப்படியே உட்காருவேன். தேத்தண்ணி இருளப்பன் ஊற்றுவார். சீனி போட மறந்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுங்கள். இப்போதுதான் பழகுகிறார்.

உங்கள் அக்கா,
ஜெயம்மா